சைக்கிள் கடையும் நமது கடமையும்

தமிழ்நாட்டின் ஊர்களில் வாடகைச் சைக்கிள் கடையை அறியாதார் ஒரு காலத்தில் இலர். மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி, பெயரையும் புறப்பட்ட நேரத்தையும் ஒரு நோட்டிற் குறித்துக்கொண்டு, அறிந்த முகமாயின் முன்பணமும் கேளாது வண்டி கொடுத்து வந்தன அக்கடைகள். சொந்தமாக வண்டி வாங்க இயலாத சிறுவர் பலர் சைக்கிள் பழகியதும் அங்குப் பெற்ற வண்டியிலேதான். இன்று அவை அருகி வருகின்றன. எஞ்சியுள்ள கடைகளேனும் பிழைக்குமா என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கதொரு விஷயமாகும்.

இக்கடைகளுக்கு முன்னர் மூன்று வருவாய்கள் இருந்தன: வாடகை, விற்பனை, பழுதுபார்த்தல். 1980-ஆம் ஆண்டில் டி.வி.எஸ். 50 வெளிவந்தது முதல், மோட்டார் வண்டி தவணை முறையில் எளியோர்க்கும் கிட்டலாயிற்று, வாடகை குன்றியது. பின்னர்ப் பெருங்கடைகளும் இணையதள வியாபாரமும் விற்பனையைக் கவர்ந்துகொண்டன. இணையத்தில் வாங்கும் சைக்கிள் முற்றும் பூட்டப்படாமல் பெட்டியில் வந்திறங்குகின்றது. ஹேண்டில் பாரையும் பெடலையும் பூட்டி, பிரேக்கைச் சரிசெய்வதற்கு மட்டும் நாம் தெருமுனைக் கடையை நாடுகின்றோம். இலாபம் ஓரிடத்தும் உழைப்பு மற்றோரிடத்தும் ஆயின.

முன்னாளிற் பஞ்சர் ஒட்டுங் கூலி மிகச் சிறிதாயிருந்தும் கடை நடந்தது. விற்பனையில் வந்த ஊதியம் அக்குறையை ஈடுசெய்தது. இன்று அவ்வூதியம் போயிற்று; பழுதுபார்க்கும் கூலி ஒன்றே கடை வாடகையையும், ஆயுதங்களின் செலவையும், வாங்கி வைத்த உதிரிப் பாகங்களில் முடங்கிக் கிடக்கும் முதலையும், வேலையின்றிக் கழியும் பொழுதையும் தாங்கவேண்டியுள்ளது. நாமோ பழைய கூலியையே நினைத்துப் பேரம் பேசுகின்றோம். கம்பெனி அச்சிட்ட விலையை வாய்திறவாது கொடுப்பவர், தொழிலாளி கேட்கும் பத்து ரூபாயைக் குறைக்க வாதாடுகின்றனர். இது நியாயமாகுமா?

அத்தொழில் எளிதென்று எண்ணுவார் சற்று நின்று பார்ப்பாராக. டயரை நெம்பி, டியூபிற் காற்றடைத்து நீரில் அமிழ்த்தி, குமிழி எழுமிடங் கண்டு, உலர்த்தித் தேய்த்து ஒட்டிய பின்னரும், நல்ல தொழிலாளி டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள் தங்கியுளதோவென்று ஆராய்வான். சக்கரத்தின் கோட்டம் எடுக்குங்கால், ஒரு ஸ்போக் கம்பியை இறுக்கினால் மற்றவையும் மாறுமென்பதறிந்து கண்ணாலேயே அளந்து நேர்செய்வான். இத்திறமை புத்தகத்தில் வருவதன்று; பல ஆண்டுப் பழக்கத்தால் வருவது.

குறைந்த விலையிற் கிடைக்குமிடத்தில் வாங்குவது மக்களின் உரிமையன்றோ எனச் சிலர் வினவலாம். உண்மையே, இரக்கத்தால் எந்தக் கடையும் நெடுநாள் நடவாது. ஆயின் அக்கடை மூடப்பட்டால், அற்பப் பழுதுற்ற சைக்கிளும் வீட்டு மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும். அதனால் முதலில் இடருறுவோர் மோட்டார் வண்டி வாங்க இயலாத கூலியாளரும், பள்ளிப் பிள்ளைகளுமே. 1991-ஆம் ஆண்டு முதல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாகக் கிராமப் பெண்கள் பெருந்திரளாய்ச் சைக்கிள் பழகினர். பிறர் துணையின்றிச் சென்று வரும் ஆற்றல் எத்துணை அரியதென்பதற்கு அஃதொன்றே சான்று.

இனிச் செய்யற்பாலன யாவை? 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் சைக்கிளின்மீதுள்ள ஜி.எஸ்.டி. வரி 12 விழுக்காட்டினின்று 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இது வாங்குவோர்க்கு நன்மையே. பழுதுபார்க்குங் கூலியை மட்டும் நம்பியிருப்போர்க்கு இதனால் வரும் பயன் சிறிது. 2001-02-ஆம் ஆண்டில் தொடங்கிப் பின் விரிவடைந்த திட்டத்தின்படி நமது அரசாங்கம் மேனிலைப்பள்ளி மாணவர்க்கு விலையில்லாச் சைக்கிள் வழங்குகின்றது. அவ்வண்டியுடன் உள்ளூர்க் கடையில் இருமுறை பழுதுபார்த்துக்கொள்ள ஒரு சீட்டும் அளித்தால், வண்டியும் நீடிக்கும், கடையும் பிழைக்கும்.

கடைக்காரரும் தம் பங்கிற்குச் சில செய்தல் வேண்டும். கூலி விவரத்தைப் பலகையில் எழுதித் தொங்கவிடுக. கியர், டிஸ்க் பிரேக் முதலிய புதிய அமைப்புக்களைக் கற்றுக்கொள்க. பல கடையினர் ஒன்றுகூடி உதிரிப் பாகங்களை மொத்தமாய் வாங்குக.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரி வாயிலுக்கு அருகிலுள்ள தொழிலாளியை வாரத்தில் ஒரு நாள் கல்லூரிக்குள் அழைத்து, சைக்கிள் நிறுத்துமிடத்தில் வேலைசெய்ய இடங்கொடுக்கலாம். டயரும் டியூபும் அவரிடமே வாங்கலாம். அவர் கேட்கும் கூலியைக் குறைக்காது கொடுக்கலாம். உழைப்பின் மேன்மையைப் பற்றி மேடைகளில் நெடுநேரம் பேசும் நாம், அதற்குரிய விலையைக் கொடுக்கவும் கற்றுக்கொள்வோமாக.