ஆர்மி புல்லட் வாங்க நினைக்கும் பிள்ளைகளுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். ராணுவப் பச்சையில் ஒரு புல்லட். "சார், ஒரிஜினல் ஆர்மி வண்டி. ஏலத்துல எடுத்ததாம். அறுபத்தஞ்சாயிரம் சொல்றாங்க. கலரைத் தவிர உங்க வண்டியேதான். எடுத்துடட்டுமா?" என்று கேட்டிருந்தான். 'வேண்டாம்' என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டுவிட்டேன். அவனுக்குக் கோபம். "நீங்க மட்டும் பதினாலு வருஷம் ஓட்டுனீங்களே சார்" என்றான்.

நியாயமான கேள்விதான். பள்ளிக்கூட வாசலில் என் வண்டிச் சத்தம் கேட்டதும் ஒன்பதாம் வகுப்பே கப்சிப் ஆகிவிடும் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறீர்கள். அந்த வண்டியைப் பற்றி உங்களிடம் சொல்லாத ஒரு சங்கதி இருக்கிறது. அதைச் சொல்லாமல் இவனுக்கு மட்டும் 'வேண்டாம்' என்பது சரியில்லை.

புல்லட்டுக்கும் பட்டாளத்துக்கும் உள்ள உறவு கட்டுக்கதை இல்லை. 1950களின் தொடக்கத்தில் நம் ராணுவத்துக்கு 350 சிசி புல்லட் இங்கிலாந்திலிருந்துதான் வந்தது. வரவழைத்துக் கொடுத்தது மெட்ராஸ் மோட்டார்ஸ். அதன் தொடர்ச்சியாக 1955இல் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் ஆலை வந்தது. ஆகவே அந்த வண்டியைப் பார்த்தால் மனம் இளகுவது இயல்பு. எனக்கும் இளகியது. 1990இல் ராணுவ ஏலத்தில் மொத்தமாக லாட் எடுத்த ஒரு வியாபாரியிடம் எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கினேன். அன்றைக்கு அது என் நாலு மாதச் சம்பளம்.

வண்டி நல்ல வண்டி. டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு, ஆம்ப்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்தி, அப்புறம் ஒரே மிதி. பழகிவிட்டால் குழந்தை மாதிரி கிளம்பும். பழகும்வரை கணுக்காலைப் பதம் பார்க்கும். இப்போதைய பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில் அந்தச் சுகமும் இல்லை, வீக்கமும் இல்லை.

பேப்பர்தான் இல்லை. வியாபாரி கையில் இருந்த ஏலக் கடிதத்தில் முப்பது வண்டிகளின் எண்கள் வரிசையாக இருந்தன. என் வண்டியின் சேஸிஸ் நம்பர் அதில் இருந்தது. இன்ஜின் நம்பர் வேறு. ராணுவப் பட்டறையில் எப்போதோ இன்ஜினை மாற்றியிருக்கிறார்கள். அவர்களுக்கு அது தினசரி வேலை. பதிவு செய்யும் அலுவலகத்துக்கு அது சிக்கல். "திருத்தக் கடிதம் வாங்கி வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் கடிதம் வர பதினோரு மாதம் ஆனது.

பதினோரு மாதமும் வண்டியைத் திண்ணையோரம் நிறுத்திவைத்திருக்க வேண்டியவன் நான். நிறுத்தவில்லை. பள்ளிக்கூடம் ஆறு கிலோமீட்டர்தானே, வாத்தியாரை யார் பிடிக்கப் போகிறார்கள் என்ற திமிர். உங்களுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, நம்பர் பிளேட் இல்லாத வண்டியில் வந்துபோனேன்.

பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அதற்கு முன் நான் ஓட்டிப் பழகியது அண்ணனின் யெஸ்டி. அதில் பிரேக் வலது கால். ஐப்பசி மழை நாள் ஒன்றில் நம் தமிழ் ஐயா பின்னால் உட்கார்ந்திருந்தார். சந்திலிருந்து கரும்பு வண்டி ஒன்று குறுக்கே வந்தது. பதற்றத்தில் வலது காலை அழுத்தினேன். பிரேக் என்று நினைத்து அழுத்தியது கியரை. மேல் கியர் விழுந்து வண்டி நிற்காமல் போய் மாட்டு வண்டியின் நுகத்தடிப் பக்கம் மோதியது. எனக்குச் சிராய்ப்பு. ஐயாவுக்கு வலது கால் முறிந்தது.

பதிவு எண்ணே இல்லாத வண்டிக்கு இன்சூரன்ஸ் எங்கே இருக்கும்? ஆஸ்பத்திரிச் செலவுக்கு உங்கள் அம்மா (என் வீட்டுக்காரரை அப்படித்தானே கூப்பிடுவீர்கள்) வளையல் நாலையும் கழற்றிக் கொடுத்தார். அதில் இரண்டு திரும்பி வரவே இல்லை. ஐயா யாரிடமும், போலீஸிடம்கூட, என்னைக் குறை சொல்லவில்லை. "வழுக்கிவிட்டது" என்று மட்டும் சொன்னார். ஓய்வு பெறும்வரை ஒரு காலைச் சற்றே இழுத்துத்தான் நடந்தார். அந்த நடையை நடித்துக் காட்டிய இரண்டு பேரைப் பிரேயரில் நிறுத்தி நான் அடித்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். ஏன் அவ்வளவு கோபம் என்று இப்போது தெரிந்திருக்கும். அந்த இருவரும் இதைப் படித்தால் என்னை மன்னிக்க வேண்டும். ஐயா இன்று இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

'ஆர்மி' என்ற சொல்லைக் கேட்டதும் நாம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம். ராணுவத்தின் மேல் உள்ள மரியாதையை அப்படியே அந்த இரும்புக்கும் கொடுத்துவிடுகிறோம். "ஆர்மி மெயின்டெனன்ஸ் சார்" என்கிறார்கள். மெயின்டெனன்ஸ் நன்றாகவே இருந்திருக்கும். ஆனால் இனி வைத்திருப்பது கட்டாது என்று முடிவு செய்த பிறகுதானே ஏலத்துக்கு விடுகிறார்கள்?

ராணுவ வண்டிக்கு நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு கிடையாது. மேல்நோக்கிய அம்புக்குறி, அடுத்து வாங்கிய வருடத்தின் இரண்டு இலக்கம் என்று வருகிறதே, அந்த எண் படையின் சொந்தப் பதிவு. மோட்டார் வாகனச் சட்டம் 60ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. அதே பிரிவுதான், வண்டி அரசின் கையை விட்டுப் போனதும் மற்றவர்களைப் போலப் பதிவு செய்தாக வேண்டும் என்றும் சொல்கிறது. அதற்கு உரிய ராணுவ அதிகாரி கொடுத்த அசல் விற்பனைச் சான்று, 21ஆம் எண் படிவத்தில், வேண்டும். ஜெராக்ஸ் போதாது. "பேப்பர் பின்னாடி வரும்" என்பவன் பேச்சும் போதாது. சான்றில் உள்ள சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வண்டியில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பென்சில் தேய்த்து அச்செடுத்தால் இன்னும் நல்லது. சான்று இல்லையென்றால், என்னைப் பொறுத்தவரை, அது காயலான் கடைச் சரக்கு. கிலோ விலைக்குக் கேளுங்கள்.

ஏற்கெனவே யாரோ தன் பெயரில் பதிவு செய்து ஓட்டிய வண்டி என்றால் அது சாதாரண செகண்ட் ஹேண்ட் வண்டி. ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து, பெயர் மாற்றி வாங்கலாம். அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. 'ஆர்மி' என்பதற்காக ஐயாயிரம் கூடுதலாகக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

அந்தப் பச்சை நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதியில் 121ஆம் எண்ணில் இருக்கிறது. 2018இல் ராயல் என்ஃபீல்டு 'பெகாசஸ்' என்று இரண்டாம் உலகப் போர் நினைவாக ஒரு வண்டி விட்டதே, வெளிநாட்டில் அது பச்சையிலும் கிடைத்தது. இங்கே பழுப்பில் மட்டும்தான். செய்த கம்பெனியே பூசாத நிறத்தை ஒருவன் பளபளவென்று பூசி விற்கிறான் என்றால், அது பட்டாளத்திலிருந்து வந்ததா, பெயின்ட் கடையிலிருந்து வந்ததா என்று யோசியுங்கள். என் வண்டி கறுப்பாக மாறியதும் இதனால்தான். ஸ்டைலுக்காக இல்லை.

வண்டியே இல்லாமல் விற்பவர்களும் இருக்கிறார்கள். சீருடையில் ஒரு படம், ஒரு அடையாள அட்டை, "டிரான்ஸ்பர் வந்துவிட்டது, அவசரமாக விற்கிறேன், ஆர்மி பார்சலில் அனுப்புகிறேன், முன்பணம் போடுங்கள்" என்று ஒரு பேச்சு. பல ஊர்ப் போலீஸ் எச்சரித்தும் மாட்டுகிறார்கள். என் சொந்தக்காரப் பையன் ஒருவனே பன்னிரண்டாயிரம் விட்டான். வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு என்னிடம் சொன்னான். பெயர் சொல்ல மாட்டேன், அவனும் இதைப் படிக்கிறான்.

அந்த மாணவனுக்கு: தம்பி, டாங்கைப் படம் எடுத்து அனுப்பியது போதும். விற்பனைச் சான்றைப் படம் எடுத்து அனுப்பு. சான்று இருந்தால், எண்களும் ஒத்துப்போனால், நானே உன்னோடு வந்து பார்க்கிறேன். எழுபத்து நாலு வயதானாலும் ஆம்ப்மீட்டர் முள்ளைப் படிக்கக் கண் தெரிகிறது. பதிவு எண் வந்த பிறகு ஒரு ரவுண்டு போகலாம். நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். பிரேக் எந்தக் கால் என்பதை மட்டும் கிளம்புவதற்கு முன் என்னிடம் ஒருமுறை சொல்லிவிடு.