இழுப்பது எளிது, நிறுத்துவது அரிது!

ரெயில் என்ஜினைக் கண்டு வியக்காத குழந்தை இல்லை. "இதற்கு எத்தனை யானை பலம் இருக்கும்?" என்று அப்பாவைக் கேட்கும். நல்ல கேள்விதான். ஆனால் அதோடு இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். "இத்தனை பலத்தோடு ஓடுகிற வண்டி எப்படி நிற்கிறது?"

முதல் கேள்விக்கு விடை தெரிந்தால் அறிவு வளரும். இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால் உயிர் பிழைக்கும்.

உலை மூடியும் ரெயிலும்

அடுப்பில் உலை கொதிக்கும்போது பானையின் மூடி துள்ளுகிறது. அதைத் தூக்குவது நீராவி. தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். அதைக் கெட்டியான பாய்லரில் அடைத்து வைத்தால் வெளியே வர முண்டும். அந்த ஆவியைச் சிலிண்டர் என்னும் உருளைக்குள் விட்டால், உள்ளே இருக்கும் பிஸ்டனை முன்னும் பின்னும் தள்ளும். பிஸ்டனோடு பூட்டிய தண்டு சக்கரத்தைச் சுழற்றும். நீராவி என்ஜினின் ரகசியம் இவ்வளவுதான்.

இப்படி ஓர் என்ஜினைத் தண்டவாளத்தில் முதன்முதலாக ஓட்டிக் காட்டியவர் ரிச்சர்டு டிரெவிதிக். இடம்: வேல்ஸ் நாட்டில் உள்ள பெனிடாரன் இரும்பு ஆலை. நாள்: 1804 பிப்ரவரி 21. அந்த என்ஜின் 10 டன் இரும்பையும் 70 ஆட்களையும் இழுத்துக்கொண்டு சுமார் 16 கிலோமீட்டர் சென்றது. ஆன நேரம் 4 மணி 5 நிமிடம். மனிதன் நடக்கிற வேகம்தான்! அதன் பாரம் தாங்காமல் வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் உடைந்தன.

25 ஆண்டுகள் கழிந்தன. 1829-ல் இங்கிலாந்தில் ரெயின்ஹில் என்ற ஊரில் என்ஜின்களுக்குப் போட்டி நடந்தது. பரிசு 500 பவுன். ஸ்டீபன்சன் என்னும் தந்தையும் மகனும் கொண்டுவந்த 'ராக்கெட்' என்ற என்ஜின் வென்றது. அதன் பாய்லருக்குள் 25 செம்புக் குழாய்கள் இருந்தன. நெருப்பின் சூடு அந்தக் குழாய்கள் வழியே ஓடியதால் தண்ணீர் விரைவாகக் கொதித்தது. ஆவி பெருகியது. வேகமும் பெருகியது. மணிக்கு 48 கிலோமீட்டர் வரை அது ஓடியது. ஆனால் அதற்குப் பிரேக் இல்லை!

திறப்பு விழாவில் சாவு

1830 செப்டம்பர் 15. லிவர்பூல் நகருக்கும் மான்செஸ்டர் நகருக்கும் இடையே ரெயில் பாதை திறப்பு விழா. வழியில் தண்ணீர் பிடிக்க ஒரு வண்டி நின்றது. "இறங்க வேண்டாம்" என்று சொல்லியிருந்தும் விருந்தினர்கள் பலர் தண்டவாளத்தில் இறங்கி நின்றார்கள். அவர்களில் ஒருவர் வில்லியம் ஹஸ்கிசன். மந்திரியாக இருந்தவர், பாராளுமன்ற உறுப்பினர்.

பக்கத்துப் பாதையில் ராக்கெட் வந்தது. மற்றவர்கள் விலகிவிட்டார்கள். ஹஸ்கிசன் தடுமாறினார். நின்ற வண்டியின் கதவைப் பற்றினார். கதவு திறந்துகொண்டது. ராக்கெட் அவர் மீது மோதியது. கால் நசுங்கியது. அன்று இரவே அவர் இறந்தார்.

அவர் படிக்காதவர் அல்ல. ரெயில் வருவதைப் பார்க்காதவரும் அல்ல. பார்த்தும் தப்ப முடியவில்லை. அந்த ரெயில் பாதை திறந்த நாளிலேயே கிடைத்த பாடம் இது.

வளர்ந்தது வலு

என்ஜினின் வலுவைக் குதிரைச் சக்தி என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு குதிரைச் சக்தி என்பது, சுமார் 76 கிலோ எடையை ஒரே வினாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கும் வலு. இந்தக் கணக்கை வகுத்தவர் ஜேம்ஸ் வாட்.

நீராவிக்குப் பின் டீசல் வந்தது. பெரிய டீசல் என்ஜின்களில் டீசல் நேரே சக்கரத்தைச் சுற்றுவது இல்லை. அது மின்சாரம் உண்டாக்கும். அந்த மின்சாரத்தில் மோட்டார்கள் சுழன்று சக்கரத்தை ஓட்டும். மின்சார என்ஜினுக்கு இந்தச் சுற்றுவழி வேண்டாம். தலைக்கு மேலே போகும் கம்பியில் இருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் 1931-லேயே மின்சார ரெயில் ஓடியது.

மேற்கு வங்காளத்தில் உள்ள சித்தரஞ்சன் தொழிற்சாலை 1950-ல் நீராவி என்ஜின் செய்யத் தொடங்கியது. 1972-ல் கடைசி நீராவி என்ஜினைச் செய்து முடித்தது. இன்று நம் விரைவு வண்டிகளை இழுக்கும் 'டபிள்யூ.ஏ.பி.7' என்ற மின்சார என்ஜினின் வலு 6,350 குதிரைச் சக்தி. பீகாரில் மாதேபுராவில் சரக்கு வண்டிகளுக்காகச் செய்யப்படும் என்ஜினின் வலு 12,000 குதிரைச் சக்தி!

வழுக்குவதும் வசதிதான்

இந்த வலு மட்டும் இருந்தால் போதாது. ரெயிலுக்கு உதவுவது வழுக்கல். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் ஆயிரக்கணக்கான டன் சரக்கை ஓர் என்ஜின் இழுக்கிறது. வண்டி வழுக்கிவிட்டால் பிடிப்புக்காகச் சக்கரத்தின் முன்னே மணல் தூவும் ஏற்பாடும் உண்டு.

ஆனால் ஓடுவதற்கு உதவும் வழுக்கல், நிற்பதற்கு உதவாது. லாரியின் ரப்பர் சக்கரம் சாலையைப் பற்றிக்கொள்ளும். ரெயிலின் இரும்புச் சக்கரம் அப்படிப் பற்றாது.

பிரேக் பிறந்த கதை

தொடக்கத்தில் விசில் ஊதினால், பெட்டிகளில் இருந்த ஆட்கள் கையால் பிரேக்கைத் திருகுவார்கள். 1869-ல் அமெரிக்கர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் காற்றுப் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு அதை மேலும் திருத்தினார். குழாயில் காற்று அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும். வண்டி அறுந்து காற்று வெளியேறினால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும்.

நல்ல கருவி வந்தும் எல்லோரும் பொருத்தவில்லை. செலவுக்கு அஞ்சினார்கள். 1889 ஜூன் 12-ந் தேதி, அயர்லாந்தில் அர்மா நகரில் இருந்து குழந்தைகளும் பெற்றோர்களும் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் புறப்பட்டார்கள். மேட்டில் ஏற என்ஜினுக்கு வலு போதவில்லை. வண்டியை இரண்டாகப் பிரித்தார்கள். பிரித்த உடனே பின்பகுதியின் பிரேக் விட்டுப் போனது. அந்தப் பிரேக் அப்படிப்பட்டது. பெட்டிகள் சரிவில் பின்னோக்கி ஓடி, பின்னால் வந்த ரெயிலில் மோதின. 80 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். அதே ஆண்டு, பயணிகள் ரெயிலில் தானாகப் பிடிக்கும் பிரேக் கட்டாயம் என்று பிரிட்டனில் சட்டம் வந்தது.

சாவுக்குப் பிறகுதான் சட்டம் வரவேண்டுமா?

பத்தே வினாடி

இன்று நல்ல பிரேக் இருக்கிறது. ஆயினும் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரெயில் ஒரு வினாடியில் 30 மீட்டர் கடக்கும். "அதோ, 300 மீட்டர் தூரத்தில்தானே வருகிறது" என்று நினைத்தால், பத்தே வினாடியில் அது உங்கள் முன்னால் நிற்காது. உங்களைத் தாண்டி ஓடும். டிரைவர் உங்களைப் பார்த்து அவசரப் பிரேக் போட்டாலும் வண்டி நிற்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆகும். வேகம் இரண்டு மடங்கு ஆனால் அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு ஆகும். பஸ் டிரைவர் ஒடித்துத் திருப்பலாம். ரெயில் டிரைவர் எந்தப் பக்கம் திருப்புவார்?

பழைய கரி என்ஜின் ஊருக்கே அறிவித்துக்கொண்டு வரும். மின்சார ரெயில் ஓசையைக் குறைத்துவிட்டது. நாமோ காதில் பாட்டைப் பொருத்திக்கொண்டு தண்டவாளத்தைக் கடக்கிறோம்!

மேம்பாலம் ஏறினால் ஐந்து நிமிடம் தாமதம். அவ்வளவுதான். கேட் மூடியிருந்தால் அதன் அடியில் நுழைய வேண்டாம். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பெற்றோர் தண்டவாளத்தில் இறங்கினால், நாளை அந்தப் பிள்ளை தனியாக இறங்கும்.

ரெயில்வே அதிகாரிகளுக்கும் கடமை உண்டு. மக்கள் எங்கே கடக்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே நடைபாலமோ சுரங்கப்பாதையோ அமையுங்கள். முழங்கால் வலியோடு வரும் பாட்டிக்குச் சரிவுப்பாதை வேண்டும். சுரங்கப்பாதையில் விளக்கு எரிய வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. வழியை அடைத்துவிட்டு "குறுக்கே போகாதே" என்று பலகை மட்டும் வைத்தால் போதாது.

ஓடுகிற ரெயிலை உடனே நிறுத்த டிரைவரால் முடியாது. ஆனால், தண்டவாளத்தில் இறங்கப்போகும் காலை நம்மால் நிறுத்த முடியும்.