"உள்ளது உள்ளபடி" என்ற ஒரு வரி யாரைக் காக்கிறது?

பாய்மரப் படகோட்டும் பழக்கமுள்ள நண்பர் ஒருவர் தம் பழைய படகு ட்ரெய்லரை விற்க விளம்பரம் எழுதித் தருமாறு கேட்டார். அதன் ஆக்சில் துருவேறியிருப்பதும், காருடன் பிணைக்கும் கொக்கியின் பூட்டு சரியாக விழாததும் அவருக்குத் தெரியும். "உள்ளது உள்ளபடி விற்பனைக்கு என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும், அப்புறம் வாங்குபவன் பாடு" என்றார். சட்டம் பயின்றவர்களும் இதே வாதத்தை என்னிடம் சொல்லியிருப்பதால் இதைச் சற்று விரிவாக எழுத நினைத்தேன்.

வடாலாவில் வசிப்போர்க்கு ட்ரெய்லர் அன்றாடக் காட்சி. லாரி முனையமும் மும்பைக் கிழக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் இங்கேதான் உள்ளன. சரக்கு ஏற்றும் வண்டி எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். சோதனை எத்துணை ஒழுங்காக நடக்கிறது என்பது வேறு விவாதம். ஆனால் சொந்தப் பயன்பாட்டுக்கான ட்ரெய்லர் போக்குவரத்து வாகனம் என்ற வகைக்குள் வருவதில்லை. ஒருமுறை பதிவு செய்தால் பதினைந்து ஆண்டுகளுக்கு அதை எவரும் குனிந்து பார்க்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் படகு ட்ரெய்லரைப் போல விரைவில் கெடும் வண்டி வேறில்லை எனலாம். படகை இறக்கும்போது சக்கரங்கள் உப்புநீரில் மூழ்குகின்றன. சாலையில் ஓடிச் சூடேறிய சக்கரக்குடம் திடீரெனக் குளிரும்போது, உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீலின் விளிம்பு வழியே நீரை உள்ளிழுத்துக்கொள்கிறது. கிரீஸ் பால்போல் வெளுத்துப்போகிறது. பேரிங்கில் துரு புள்ளியிடுகிறது. பிறகு வண்டி மாதக்கணக்கில் அசையாமல் நிற்கிறது. டயரின் பட்டை தேயாமலே பக்கச்சுவர் வெடிப்பு விடுகிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும்: 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர் அது. இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். சட்டத்தின் இரும்புக்குழலோ உள்ளிருந்து அரிபடும். மேலே பூசிய வண்ணம் அப்படியே இருக்கும். ஆகையால் புதுப்பெயின்ட் அடித்த பழைய ட்ரெய்லரைக் கண்டால் மகிழ்வதைவிட ஐயுறுவதே நன்று. வாங்குபவர் ஒரு மணி நேரம் சுற்றிவந்து பார்த்தாலும் காண முடியாதவையே இதன் கேடுகளுள் பெரும்பாலானவை.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 16ஆம் பிரிவில், பொருளை ஆராய்ந்து வாங்கும் பொறுப்பை முதலில் வாங்குபவர்மீதே வைத்து, சில விலக்குகளைத் தருகிறது. அவ்விலக்குகளும் பெரும்பாலும் அத்தகைய பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரைக் குறித்தவை. என் நண்பரின் ஒரு வரி இந்த எல்லைக்குள் செல்லுபடியாகலாம். விற்பவர், வாங்குபவர் என்னும் இருவருக்கிடையே அது ஓர் உடன்படிக்கை. ஆனால் கிழக்கு விரைவுச்சாலையில் கொக்கி கழன்றால் ட்ரெய்லர் எதிரே வருபவர்மீதல்லவா மோதும்? அவர் அந்த விளம்பரத்தைப் படித்தவரல்லர்; விலைக்குறைப்பில் பங்கு பெற்றவருமல்லர்.

1972இல் இங்கிலாந்தில் இப்படியே நடந்தது. ஒரு பண்ணையாளரின் லேண்ட் ரோவரிலிருந்து ட்ரெய்லர் கழன்று எதிரே வந்த காரில் மோத, தந்தையும் மகனும் இறந்தனர். கொக்கியின் பூட்டுக் கைப்பிடி உடைந்து மாதங்கள் கடந்தும் பண்ணையாளர் அப்படியே ஓட்டியிருந்தார். விசாரணை நீதிமன்றம் குறைபட்ட வடிவமைப்புக்காக உற்பத்தியாளர்மீது 75 விழுக்காடும் பண்ணையாளர்மீது 25 விழுக்காடும் பொறுப்பைச் சுமத்தியது. அவர் தம் பங்கைக் கொக்கி விற்ற கடைக்காரர்மேல் தள்ள முயன்றபோது, 1981இல் பிரபுக்கள் சபை மறுத்தது. உடைந்திருப்பதை அறிந்தும் ஓட்டியவர் பிறரைக் கைகாட்ட இயலாது என்பது அதன் நிலைப்பாடு. அதே சபை 1979இல் வேறொரு வழக்கில், "எல்லாக் குறைகளுடனும்" என்று ஏலத்தில் விற்கப்பட்ட மூன்று சக்கர வண்டியில் சென்று படுகாயமுற்ற பயணிக்கு விற்றவர் பொறுப்பல்லர் என்றது. அபாயம் இருக்கலாம் என்ற அளவிலேயே அந்த விற்பனையாளர் அறிந்திருந்தார் என்பது அங்கே முக்கியம். குறித்த பழுதைத் தெரிந்தே விற்றவர் நிலை வேறு என்று நான் வாதிடுவேன்.

நம் சட்டம் எங்கே நிற்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் வரையறையில் ட்ரெய்லரும் மோட்டார் வாகனமே. 190ஆம் பிரிவு, தமக்குத் தெரிந்த பழுதோடும், சாதாரண கவனம் செலுத்தியிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய பழுதோடும் வண்டியை ஓட்டுபவரையும் ஓட்ட விடுபவரையும் தண்டிக்கிறது. நல்ல சொல்லாட்சி. ஆனால் விற்றுவிட்டவர் அதற்குள் வருவதில்லை. 2019 திருத்தத்தில் வந்த 182அ பிரிவு விற்பனையைத் தொடுகிறது, உற்பத்தியாளர், இறக்குமதியாளர், வணிகர் ஆகியோரை மட்டும். அவர்களும் குறையை வாங்குபவரிடம் வெளிப்படுத்தியிருந்தால் தண்டனையிலிருந்து தப்பலாம். சாலையில் செல்லும் மூன்றாம் மனிதர் இங்கும் கணக்கில் இல்லை.

இழப்பீட்டுச் சட்டமோ பதிவேட்டிலுள்ள பெயரைப் பின்தொடர்கிறது. ஒருவருக்கொருவர் விற்றுப் பல கை மாறிய வண்டி மோதி ஒரு சிறுவன் இறந்த வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பெயர் மாற்றப்படாததால் பதிவேட்டிலிருந்த முதல் உரிமையாளரே பொறுப்பு என்றது. நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பு அது. உரிமை மாறிய சங்கிலியைத் தேடிப் பாதிக்கப்பட்டவர் அலையக் கூடாது என்னும் அதன் காரணத்தோடு எனக்கு முழு உடன்பாடு. ஆயினும் அதன் மறுபக்கத்தைப் பாருங்கள். பழுதை அறியாமல் விற்றுப் பெயரை மாற்ற மறந்தவர் மாட்டிக்கொள்கிறார். பழுதை நன்கறிந்து விற்றவர், படிவங்களை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் வெளியேறிவிடுகிறார். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், பழைய வாகன வணிகரிடம் ஒப்படைத்த வண்டிக்கு அவரையே உரிமையாளராகக் கருதுகின்றன. அதுவும் பெயரைப் பற்றிய சீர்திருத்தமே.

பழைய பொருள்களின் சந்தையை இது நசுக்கிவிடும் என்று ஆய்வு வட்ட நண்பர் ஒருவர் சொன்னார். வடாலாவை அடுத்த தாருக்கானாவில் உடைபடும் கப்பல்களின் இரும்பையும் கயிற்றையும் எந்திரங்களையும் நம்பி வாழ்வோர் பலர்; அந்த அக்கறையை நான் எளிதாக ஒதுக்கவில்லை. ஆனால் இரும்பாக விற்பதையோ உறுதிமொழியின்றி விற்பதையோ தடுக்கக் கேட்கவில்லை. கொக்கி, ஆக்சில், பிரேக், டயர் ஆகிய நான்கில் தாம் அறிந்த பழுது இருந்தால், சரிசெய்து விற்கட்டும். இல்லையேல் சாலையில் இழுத்துச் செல்லாமல் லாரியில் ஏற்றி அனுப்பட்டும், பதிவையும் நீக்கட்டும். என் நண்பரின் ட்ரெய்லருக்குப் புதிய கொக்கி வாங்கும் செலவு படகின் பாய்த்துணிக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

உரிமை மாற்றத்துக்குரிய 29, 30ஆம் படிவங்களை மீண்டும் படித்துப் பார்த்தேன். பெயர், முகவரி, பதிவு எண், கடன் விவரம் எல்லாம் கேட்கிறார்கள். வண்டி சாலையில் ஓடும் நிலையில் உள்ளதா என்ற கேள்வி எங்குமில்லை. இருவரும் கையொப்பமிடும் தாளில் இந்த நான்கு உறுப்புகளின் நிலையைப் பற்றி நான்கு வரிகள் சேர்க்கப் புதுச் சட்டம் தேவையில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் போதும். விபத்து நேர்ந்தால் யார் எதை அறிந்திருந்தார் என்பதற்கு நீதிமன்றத்தில் முதற்சான்றாக அத்தாள் இருக்கும்.