வானத்தை அண்ணாந்து பார்ப்பதும் குற்றமா?

என் தங்கையின் மகனுக்கு வயது 19. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறான். அவனுக்கு விமானப் பைத்தியம். இறங்கும் விமானத்தின் வாலைப் பார்த்தே எந்த நிறுவனம், என்ன வகை என்று சொல்லிவிடுவான். பதிவெண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வான். 4ஆர் என்று தொடங்கினால் இலங்கை, விரி என்றால் இந்தியா என்று எனக்குச் சொல்லித் தந்தவனும் அவனே.

அண்மையில் ஒரு ஞாயிறு பின்னேரம், விமான நிலையம் ஒன்றின் வேலிக்கு வெளியே, எல்லோரும் போய்வரும் வீதியோரத்தில் நின்று அவன் படம் எடுத்தான். சீருடைக்காரர் இருவர் வந்து அழைத்துச் சென்றனர். நான்கு மணி நேரம் வைத்திருந்தனர். ஏன் விமானத்தைப் படம் எடுக்கிறாய், யாருக்கு அனுப்புகிறாய் என்று மாறி மாறிக் கேட்டிருக்கிறார்கள். விருப்பத்துக்கு எடுத்தேன் என்ற விடையை அவர்கள் நம்பவில்லை. நான் போய் அவனை மீட்டு வந்தபோது கைத்தொலைபேசியில் இருந்த படங்கள் எல்லாம் அழிக்கப்பட்டிருந்தன. குறிப்பேட்டைத் தர மறுத்துவிட்டனர். எந்தச் சட்டத்தின்கீழ் என்று கேட்டேன். "நீங்கள் பத்திரிகைக்காரர், உங்களுக்கு விளங்கும்தானே" என்பதே கிடைத்த பதில்.

எனக்கு விளங்கவில்லை. ஆகவேதான் இதை எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொரு விசாரணை. லண்டனில் இருக்கும் எங்கள் பெரியண்ணர் தொலைபேசியில் பொரிந்து தள்ளினார். "வேலைவெட்டி இல்லாதவன்ரை வேலையெல்லோ இது! பிளேனைப் பார்த்து என்ன சோறா கிடைக்கும்? அவனைக் கொஞ்சம் கண்டிச்சு வை." ஒரு பக்கம், இது உளவு என்கிறார்கள். மறுபக்கம், இது வெட்டி வேலை என்கிறார்கள். இரண்டு தரப்பாரும் சேர்ந்து ஒரு பிள்ளையின் தலையைக் குனிய வைக்கிறார்கள். இரு தரப்பாரும் தவறு என்பதே என் வாதம்.

முதலில் உளவு என்ற குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். இது எங்கள் நாட்டுக்கு மட்டும் உரிய வியாதி அன்று. 2001 நவம்பரில் கிரேக்கத்தின் கலமாட்டா நகரில் நடந்த விமானக் கண்காட்சியைப் பார்க்கப் போன 12 பிரித்தானியரும் 2 நெதர்லாந்துக்காரரும் பிடிக்கப்பட்டார்கள். அவர்களிடம் இருந்தவை குறிப்பேடுகளும் தொலைநோக்கிகளும்தான். பல வாரங்கள் சிறையில் இருந்தார்கள். 2002 ஏப்ரலில் அவர்களுள் எண்மருக்கு உளவுக் குற்றத்துக்காக மூன்று ஆண்டுச் சிறைத்தண்டனையும், ஏனையோருக்கு உடந்தையாக இருந்தமைக்காக ஓராண்டு ஒத்திவைக்கப்பட்ட தண்டனையும் விதிக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே, வெறும் எண்களைக் குறித்துக்கொள்வதை ஒரு பொழுதுபோக்கு என்று நம்ப அதிகாரிகளுக்கு ஓராண்டு பிடித்திருக்கிறது!

ஆனால் வரலாறு வேறொன்றையும் சொல்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவின் ராடர் நிலையங்கள் கடலை நோக்கியே பார்த்துக்கொண்டிருந்தன. கரையைத் தாண்டி உள்ளே வந்த ஜேர்மன் விமானங்களைக் கண்ணாலும் காதாலும் பின்தொடர்ந்து அறிவித்தவர்கள் அவதானிப்புப் படையின் தொண்டர்கள். கடைக்காரர்களும் எழுதுவினைஞர்களும் போன்ற சாதாரண மனிதர்கள். அவர்களின் சேவைக்காக 1941 இல் அந்தப் படைக்கு ‘ரோயல்’ என்ற சிறப்புப் பெயர் வழங்கப்பட்டது. வானத்தைப் பார்க்கத் தெரிந்த குடிமகன் நாட்டுக்கு ஆபத்தானவன் என்று சொல்பவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

உண்மையில் அதிகாரத்தில் இருப்போர் அஞ்சுவது உளவுக்கு அன்று. பிறநாட்டுப் படைகளிடம் செய்மதியும் ராடரும் உண்டு. ஒரு மாணவனின் குறிப்பேடு அவர்களுக்குத் தேவையில்லை. அதிகாரம் அஞ்சுவது சாட்சிக்கு. அதற்கு ஓர் உதாரணம் தருகிறேன்.

2001 செப்டெம்பர் 11 இன் பின்னர் அமெரிக்காவின் சீ.ஐ.ஏ. நிறுவனம் சந்தேக நபர்களைப் பிடித்து, எந்த நீதிமன்றத்துக்கும் காட்டாமல், சித்திரவதைக்குப் பெயர்போன நாடுகளுக்கு இரகசியமாகப் பறக்கவிட்டது. அதற்குப் பயன்பட்ட ஒரு சிறிய ஜெற் விமானத்தின் பதிவெண் என்379பி. 2001 ஒக்ரோபரில் கராச்சியில் ஓர் இளைஞர் நள்ளிரவில் அதில் ஏற்றப்பட்டதைப் பாகிஸ்தானியப் பத்திரிகையாளர் ஒருவர் பதிவெண்ணோடு எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் ஸ்ரொக்ஹோமின் புறோமா விமான நிலையத்தில் இரண்டு எகிப்தியர்கள் ஏற்றப்பட்டதும் அதே விமானத்தில்தான். 2004 இல் சுவீடன் தொலைக்காட்சி ஒன்று அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு உண்மையை வெளிக்கொணர்ந்தது. அந்த எண்ணுக்கு உரிமை கோரிய நிறுவனம் காகிதத்தில் மட்டுமே இருந்தது.

விமானத்தின் எண்ணை மாற்றினார்கள். பயனில்லை. ஏனெனில் ஐரோப்பிய விமான நிலையங்களின் வேலியோரங்களில், மழையிலும் பனியிலும் நின்று, வந்துபோன ஒவ்வொரு வாலையும் படம் எடுத்துத் திகதியிட்டு வைத்திருந்தார்கள் எங்கள் பெரியண்ணர் சொன்ன அந்த வேலைவெட்டி இல்லாதவர்கள். என்313பி என்ற போயிங் 737 விமானத்தை 2004 ஜனவரியில் ஸ்பெயினின் பல்மா விமான நிலையத்தில் படம் எடுத்தவர் ஒரு பொழுதுபோக்காளர்தான். அந்த விமானம் அங்கிருந்து மசிடோனியாவுக்குப் போய், ஆள்மாறாட்டத்தில் பிடிபட்ட ஜேர்மன் குடிமகன் காலித் எல் மஸ்ரியை ஏற்றிக்கொண்டு காபூலுக்குப் பறந்தது. அவர் சொன்ன கதையை முதலில் நம்பாதவர்கள் பலர். படமும் எண்ணும் பறப்புப் பதிவுகளும் அவருக்குச் சாட்சி சொல்லின. ஐரோப்பிய கவுன்சிலுக்காக டிக் மார்ட்டி 2006 இல் சமர்ப்பித்த அறிக்கை இந்தப் பறப்புகளை ஒரு சிலந்தி வலையாக வரைந்து காட்டியது. 2012 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் மசிடோனியா குற்றமிழைத்தது என்று தீர்ப்பளித்து, எல் மஸ்ரிக்கு 60,000 யூரோ இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

சோறு கிடைக்குமா என்று கேட்டார் பெரியண்ணர். சோறு கிடைக்கவில்லை. ஒரு மனிதனுக்கு நீதி கிடைத்தது.

இனி எங்கள் வானத்துக்கு வருவோம். வடக்கில் வளர்ந்த என் தலைமுறையினர் அனைவரும் விமானம் நோக்கியவர்களே. யாரும் விரும்பி அதைக் கற்கவில்லை. சியாமாசெட்டி, புக்காரா, அவ்ரோ, பின்னாளில் கிபிர் என்று பள்ளிக்கூடத்தில் படிக்காத பாடம் அது. என் அம்மாவுக்கு எழுத்து வாசனை குறைவு. ஆனால் இரைச்சலைக் கேட்டதும், "இது பொம்மர் இல்லை, சாமான் கொண்டுபோற பிளேன், பயப்பிடாதை" என்பார். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாக இருந்தது. வன்னியில் ஆளில்லா வேவு விமானத்துக்கு ‘வண்டு’ என்று பெயர் வைத்தார்கள் எங்கள் மக்கள். 1987 யூன் 4 ஆம் திகதி இந்திய அன்ரனோவ் விமானங்கள் யாழ்ப்பாணத்து வானில் உணவுப் பொதிகளைப் போட்டபோது, பதுங்குகுழிக்குள் ஓடுவதா வெளியே நின்று கைதட்டுவதா என்று தெரியாமல் தவித்தவர்களுள் நானும் ஒருவன். அப்போது விமானத்தை இனங்காண்பது உயிர் காக்கும் வித்தை. இன்று அவ்வித்தையை ஒரு பிள்ளை அச்சமின்றி, இன்பத்துக்காகச் செய்கிறான். போர் முடிந்தது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேறென்ன வேண்டும்? அதையும் ஏன் பறிக்கிறீர்கள்?

இன்னொரு நினைவு. 1998 செப்டெம்பர் 29 ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் அன்ரனோவ்-24 விமானம் மன்னாருக்கு அப்பால் கடலின்மேல் மறைந்துபோனது. அதில் இருந்தவர்கள் 55 பேர். தரைப்பாதை மூடப்பட்டிருந்த காலம். கொழும்புக்கு வர வேறு நல்ல வழி இல்லாத சனம். அன்றிரவு நான் செய்திப்பிரிவில் கடமையில் இருந்தேன். தொலைபேசி ஓயவில்லை. ஒரு தாயின் குரல் இன்றும் காதில் இருக்கிறது. "தம்பி, பிளேன் எங்கை போச்சு எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ." எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வசனம்: தொடர்பு துண்டிக்கப்பட்டது. அதையே ஒவ்வொருவருக்கும் திருப்பித் திருப்பிச் சொன்னேன். எந்த இடத்தில், எந்த உயரத்தில், எந்த நிமிடத்தில் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. விமானத்தின் சிதைவுகள் இரணைதீவுக் கடலடியில் கண்டெடுக்கப்பட்டது 2012 இல். பதினான்கு ஆண்டுகள், நாற்சந்தியில் பஸ் வரும் திசையைப் பார்ப்பதுபோல, வாசலைப் பார்த்திருந்த குடும்பங்களை நான் அறிவேன்.

இன்று அந்த நிலை மாறியிருக்கிறது. விமானம் தன் இருப்பிடத்தைச் செய்மதி மூலம் அறிந்து, ஏறத்தாழ அரை வினாடிக்கு ஒருமுறை, 1090 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் தானே ஒலிபரப்புகிறது. அதில் மறைகுறியாக்கம் கிடையாது. தொலைக்காட்சி அலையைப் பிடிக்கும் சிறு கருவி ஒன்றைக் கணினியில் செருகி, மாடியில் ஓர் அன்ரனாவைக் கட்டினால் எவரும் கேட்கலாம். 2006 இல் சுவீடனைச் சேர்ந்த இரு விமானப் பிரியர்கள் பொழுதுபோக்காகத் தொடங்கியதே இன்றைய பிளைட்ராடர்24. உலகெங்கும் பல்லாயிரம் தொண்டர்களின் கருவிகள் அதற்குத் தரவு ஊட்டுகின்றன. 2014 மார்ச்சில் 239 பேருடன் மறைந்த எம்.எச்.370 போல, கருவி ஓய்ந்துவிட்டால் இந்த வலையும் குருடாகும் என்பது உண்மை. ஆயினும் கடைசிப் புள்ளி எது என்றாவது அந்தத் தாய்க்கு இன்று சொல்லியிருப்பேன்.

2022 யூலை 13 அதிகாலையில் கோட்டாபய ராஜபக்ஷ விமானப்படையின் அன்ரனோவ்-32 இல் மாலைதீவுக்குப் போனார். 1987 இல் எங்களுக்கு உணவு போட்டதும் அதே வகை விமானம், காலத்தின் கோலம்! மறுநாள் மாலேயிலிருந்து சிங்கப்பூருக்கு அவரைக் கொண்டுசென்ற சவூதியா எஸ்.வி.788 விமானத்தை உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் திரையில் பின்தொடர்ந்தார்கள். தங்கள் ஜனாதிபதி எங்கே என்று அரசாங்கத்தைக் கேட்டு விடை பெறமுடியாத மக்களுக்கு, ஒரு சின்னஞ்சிறு மஞ்சள் விமானப் படம் விடை சொல்லிற்று. அன்று பெரியண்ணரும் லண்டனில் நித்திரை கொள்ளாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எடுத்துச் சொன்னவரும் அவரே. வெட்டி வேலை என்று அன்று அவருக்குத் தோன்றவில்லை போலும்.

எதிர்வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். தனிமனிதரின் அந்தரங்கம் என்னாவது என்று கேட்கிறார்கள். எலோன் மஸ்க்கின் ஜெற் விமானம் பறக்கும் இடங்களை ஒரு மாணவர் வெளியிட்டார். 2022 டிசம்பரில் ருவிற்றரில் அந்தக் கணக்கு முடக்கப்பட்டது. அதுபற்றி எழுதிய சில பத்திரிகையாளரின் கணக்குகளும் கூடவே முடங்கின. 2024 இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம், தனியார் விமான உரிமையாளர் தம் பெயர் விபரத்தைப் பொதுமக்களிடமிருந்து மறைக்கக் கோரலாம் என்கிறது. ஒரு சாதாரண மனிதன் வீட்டிலிருந்து கடைக்குப் போவதைப் பின்தொடர்வது தவறு. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எல்லோருக்கும் பொதுவான வானத்தில், எல்லோரின் பணத்தில் அமைந்த வழிகாட்டலோடு பறக்கும் இயந்திரம் வேறு. பணமுள்ளவன் கேட்டால் எண்ணை மறைப்பார்கள். வேலியோரத்தில் நிற்கும் ஏழைப் பிள்ளையின் படத்தை அழிப்பார்கள். இதற்குப் பெயர் அந்தரங்கமா? அடுத்த என்379பி இந்தத் திரைக்குப் பின்னால் ஒளியாது என்று யார் உத்தரவாதம் தருவார்?

பொழுதுபோக்காளர் மீதும் எனக்குக் குறை உண்டு. 2025 யூன் 12 ஆம் திகதி அகமதாபாத்தில் எயார் இந்தியா விமானம் வீழ்ந்து, அதில் இருந்த 242 பேரில் 241 பேர் இறந்தனர். கடைசிச் சமிக்ஞை 625 அடி உயரத்தில் கிடைத்தது என்பது தரவு. அந்த ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு, உடல்கள் எடுக்கப்படுமுன்னரே விமானிமீது பழி போட்டவர்கள் பலர். தரவு சாட்சியே தவிர நீதிபதி அன்று. இதை என் மருமகனுக்கும் சொல்லியிருக்கிறேன். தெரிந்ததை எழுது, தெரியாததை எழுதாதே என்று நான் இளம் நிருபர்களுக்குச் சொல்லும் அதே பாடம்தான்.

அதிகாரிகளிடம் நான் கேட்பது பெரிய சலுகை ஒன்றுமில்லை. படம் எடுக்கக் கூடாத இடம் எதுவென்று மூன்று மொழிகளிலும் பலகையில் எழுதி வையுங்கள். வெளிநாடுகளில் வேலியோரத்தில் இதற்கென்றே மேடை கட்டிக் கொடுக்கும் விமான நிலையங்கள் உண்டு. அந்த அளவுக்கு வேண்டாம், விரட்டாமலாவது இருங்கள். பலகை இல்லாத பொது வீதியில் நின்றவனைப் பிடித்தால், எந்தச் சட்டம் என்று எழுத்தில் தாருங்கள். எடுத்த பொருளுக்குப் பற்றுச்சீட்டு தாருங்கள்.

குறிப்பேடு இன்னும் திரும்பி வரவில்லை. இரண்டு முறை கடிதம் எழுதிவிட்டேன். மூன்றாவது கடிதத்தைப் பதிவுத்தபாலில் நேற்று அனுப்பினேன். அவன் கடைக்குப் போய் புதிய கொப்பி ஒன்று வாங்கி வந்தான். முதற்பக்கத்தில் திகதி போட்டிருக்கிறான். கீழே இன்னும் எதுவும் எழுதவில்லை. அடுத்த ஞாயிறு அவனோடு நானும் போய் அதே வீதியோரத்தில் நிற்கப் போகிறேன்.