எலிக்காய்ச்சலும் அரைப்பேரும்

எலிக்காய்ச்சல் என்றதும் வயலையும் இரத்தினக்கல் அகழ்குழியையும் காட்டிவிட்டு அமைவது நம் நாட்டு வழக்கம். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் இந்நோய் ஐயுறப்பட்டபோது கேகாலையும் கடும் பாதிப்புக்குள்ளாயிற்று; இரத்தினபுரியோ ஆண்டுதோறும் இந்நோய்க்கு இரையாகும் மாவட்டம். அதே மழையில், அதே எலிகளுக்கு நடுவே கான் வெட்டுவோரும் பால் வெட்டுவோரும் யாருடைய கணக்கிற் சேர்வர்? அவர்களைப் பற்றிப் பேச நேரின், 'துப்புரவு அறியாதவர்கள்' என்று முடித்துவிடுவோர் பலர்.

கிருமியின் சூழ்ச்சியை அறிந்தோர் இவ்வாறு பேசார். எலியின் சிறுநீரோடு வெளிப்பட்டு ஈரமண்ணிற் கிடக்கும் லெப்ரோஸ்பைரா எனும் பற்றீரியா, காலின் கீறல் வழியே குருதியை அடைகிறது. பிற பற்றீரியாக்கள் பலவற்றின் புறவுறையிலுள்ள இலிப்போபொலிசக்கரைட்டை மனிதக் கலத்தின் 'ரோல்' வாங்கிகளுள் நான்காவது உணர்ந்ததும், கலத்தினுள்ளே புரதத்துக்குப் புரதம் சமிக்ஞை கைமாறிக் கருவை எட்டும், காவற்கலங்கள் திரளும். லெப்ரோஸ்பைராவின் இலிப்போபொலிசக்கரைட்டோ அமைப்பில் வேறானது. மனிதரின் நான்காம் வாங்கி அதனை உணர்வதில்லை. சுண்டெலியின் அதே வாங்கி உணர்கிறது! மேலும், உடல் தன் கலங்களைத் தானே தாக்காதிருக்க வைத்துள்ள 'எச் காரணி' எனும் குருதிப் புரதத்தையும் கிருமி தன்மேற் போர்த்துக்கொள்கிறது. பின்னர், குருதிக்குழாயின் உட்சுவர்க் கலங்களிடையேயுள்ள பிணைப்புத் தளர்கிறது. நோய் முற்றியோருக்கு நுரையீரலிற் குருதி கசியும், சிறுநீரகம் செயலிழக்கும்.

துரையின் கலத்துக்கும் தொழிலாளியின் கலத்துக்கும் இதில் வேறுபாடு யாதுமில்லை. வேறுபாடு காலணியில் உள்ளது. 1915ஆம் ஆண்டளவில் யப்பானிய அறிஞர் இனடாவும் இடோவும் இக்கிருமியைக் கண்டறிந்ததும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நோயை ஆராய்ந்தபோதே என்பது ஈண்டு நினையத்தக்கது.

உடலின் எச்சரிக்கை ஒருவாறு பிந்தியேனும் வருகிறது: காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் வலி. நாள் முழுதும் கானில் நிற்பவனுக்குக் கெண்டைக்கால் வலிக்காத நாள் எது? பெரட்டுக்குப் போகாவிடின் பேர் இல்லை. இடையில் திரும்பினால் அரைப்பேர். 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தின் 730 ரூபாவில் 60 ரூபா வரவுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. 2019இல் அது நீங்கியபோதும், வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளமில்லை என்ற விதி நீங்கவில்லை. தொடக்கத்திலே கொடுத்தாற் பெரிதும் பயன்தரும் மருந்து இருக்க, காய்ச்சலோடு மண்வெட்டி பிடிக்கவைப்பது அறியாமையா, அன்றிக் கணக்குப் புத்தகமா?

வயலில் இறங்குவோருக்கு வாரம் 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளினைச் சுகாதாரத் திணைக்களம் தடுப்பு மருந்தாக வழங்கி வந்துள்ளது. மழைக்காலத்திற் கானுக்கு ஆளனுப்பும் கம்பனிகள் அம்மாத்திரையும் முழங்காற் சப்பாத்தும் கிடைக்கச் செய்தல் வேண்டும். காய்ச்சலோடு மருந்தகம் சென்ற நாளுக்கு முழுப்பேர் போடு என்பதை அடுத்த சம்பளப் பேச்சில் முதற் கோரிக்கையாக வைக்கப்போகும் தொழிற்சங்கம் எது?