நானோ தோற்றதற்கு நம் வறட்டுக் கௌரவமா காரணம்?

ரத்தன் டாடா மறைந்ததிலிருந்து ஒரே பல்லவி: "மலிவுக் கார் என்று பெயராகிவிட்டதால் ஜனங்கள் கௌரவம் பார்த்து நானோவை ஒதுக்கிவிட்டார்கள்." என்னிடம் படித்த பிள்ளைகளும் இதைப் பகிர்வதால்தான் எழுதுகிறேன். பழியை வாங்குகிறவன் தலையில் போடாதீர்கள்.

1998இல் வந்த இண்டிகாவுக்கு அவர் கேட்டது என்ன? ஜென் காரின் அளவு, அம்பாசடரின் உள் இடம், மாருதி 800ஐ ஒட்டிய விலை, டீசல் சிக்கனம். உட்காரும் மனிதனை நினைத்துப் போட்ட கணக்கு. ஆரம்பக் குறைகளைத் திருத்தி 2001இல் வி2 வந்ததும் ஊரெல்லாம் ஓடியது.

நானோவில் ஒரு லட்சம் என்ற விலைதான் முதலில் வந்தது. வண்டியை அதற்கேற்ப வெட்டினார்கள். சக்கரத்துக்கு மூன்று நட்டு, ஒரே வைப்பர். எஞ்சின் பின்னால், பின்கதவோ திறக்காது. மிளகு மூட்டையை எங்கே வைப்பது, மடியிலா?

ஜெனரல் மோட்டார்ஸின் ஹார்லி ஏர்ல், போர் விமானத்தைப் பார்த்த மயக்கத்தில் 1948 காடிலாக்குக்கு வால் துடுப்பு வைக்கச் செய்தார். அங்கே வேண்டாத தகரத்தைச் சேர்த்தார்கள். இங்கே வேண்டியதைக் குறைத்தார்கள். இரண்டையும் முடிவு செய்தது மேலே இருந்தவர்கள்தான்.

ஸ்கூட்டரில் நனைந்துபோன குடும்பத்தைப் பார்த்து இரங்கியது பெரிய மனசு, மறுக்கவில்லை. ஆனால் 2014இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நானோவுக்குக் கிடைத்தது பூஜ்ஜியம். (ஆல்டோவுக்கும் அதேதான்.) "ஸ்கூட்டரைவிட மேல்தானே ஐயா?" என்பீர்கள். மேல்தான். ஆனால் காரவள்ளிக்கு 70 கொண்டை ஊசி வளைவு இறங்குகிறவன் பார்ப்பது கௌரவத்தை அல்ல.

அந்தப் பின்கதவு 2015இல்தான் திறந்தது. விற்பனைக்கு வந்து ஆறு வருஷம் கழித்து.