எண்ணெய் நீரை வெறுக்கவில்லை

‘நீர்வெறுப்பு’, ‘நீர்வெறுக்கும்’ என்னும் சொற்களை நம் உயிர்வேதியியல் பாடங்களிலிருந்து விலக்கவேண்டும் என்று வாதிடவே இந்த நீண்ட பதிவு. ஹைட்ரோஃபோபிக் என்பதற்கு இணையாக நாம் புழங்கும் சொற்கள் இவை. கலைச்சொல் விவாதம் என்றதும் நண்பர்கள் சிலர் நழுவிவிடுவார்கள். பொருள் விளங்கினால் போதாதா, சொல்லுக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு என்பார்கள். பொருள் விளங்கவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. இந்தச் சொல் பிழையான இயற்பியலைக் கற்பிக்கிறது. அந்தப் பிழை முதுகலை வகுப்பையும் தாண்டி ஆய்வுக்கூடம் வரை நம்மோடு வருகிறது.

வெறுப்பு என்றால் வெறுப்பவர் ஒருவர் வேண்டும். மாணவர் மனத்தில் அந்த இடத்தில் எண்ணெய் அமர்ந்துகொள்கிறது. எண்ணெய் மூலக்கூறு நீரைக் கண்டு விலகி ஓடித் தன் இனத்தோடு ஒட்டிக்கொள்கிறது என்ற சித்திரம் பதிந்துவிடுகிறது. இது உண்மையா என்று பார்க்க உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. மூன்று எண்கள் போதும். அறை வெப்பநிலையில் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 73 மில்லிநியூட்டன். ஹெக்சேனின் பரப்பு இழுவிசை சுமார் 18. இரண்டும் சந்திக்கும் இடைமுகத்தில் சுமார் 51. முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் 40 வருகிறது. ஒட்டியிருக்கும் நீரையும் ஹெக்சேனையும் பிரித்தெடுக்க ஒரு சதுர மீட்டருக்குத் தேவைப்படும் ஆற்றல் அது, மில்லிஜூலில். ஹெக்சேனை ஹெக்சேனிடமிருந்து பிரிக்க ஆகும் ஆற்றலோ 18-இன் இருமடங்கு, அதாவது 36 மட்டுமே. ஹெக்சேன் தன்னோடு ஒட்டுவதைவிட நீரோடு சற்று அதிகமாகவே ஒட்டுகிறது! நீரை நீரிடமிருந்து பிரிக்கத்தான் 146 ஆகிறது. கதை முழுவதும் அந்தக் கடைசி எண்ணில் இருக்கிறது. எண்ணெய்க்கு நீர்மேல் எந்தப் பகையும் இல்லை. நீருக்குத் தன்மேல் உள்ள பிடிப்பு அவ்வளவு பெரியது. எண்ணெய் ஒதுக்கப்படுவது அதனால்தான்.

மீத்தேன் வாயுவை நீரில் கரைத்துப் பாருங்கள். 25 டிகிரி செல்சியஸில் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 13 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. ஆற்றல் கணக்கில் அது வரவேற்பு. ஆனாலும் மீத்தேன் மிகக் குறைவாகவே கரைகிறது, காரணம் என்ட்ரோபி. முனைவற்ற மூலக்கூறு ஒன்று உள்ளே வரும்போது, தம் ஹைட்ரஜன் பிணைப்புகளை இழக்காமல் அதைச் சூழ்ந்துகொள்ள நீர் மூலக்கூறுகள் தம் திசைச் சுதந்திரத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கவேண்டியிருக்கிறது. 1945-இல் ஃபிராங்க்கும் எவன்ஸும் இதைப் ‘பனிப்பாறை’ என்று உருவகித்தார்கள். அந்த உருவகம் இன்றும் சர்ச்சைக்குரியது. அளக்கப்பட்ட என்ட்ரோபி இழப்பில் சர்ச்சை இல்லை.

‘ஆங்கிலச் சொல்லிலும் இதே குறை இருக்கிறதே, தமிழை மட்டும் ஏன் சாடுகிறாய்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கிரேக்க ஃபோபோஸ் அச்சத்தைக் குறிப்பது. வெறிநாய்க்கடி நோயாளியின் நிலைக்குப் பொருந்தும் சொல்லை எண்ணெய்க்குச் சூட்டியது அங்கே நேர்ந்த முதல் தவறு. ஆனால் அங்கே அந்தச் சொல்லோடு சண்டையும் நடந்தது. வால்டர் காஸ்மன் 1959-இல் புரதங்கள் மடிந்து நிற்பதற்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக ‘ஹைட்ரோஃபோபிக் பிணைப்பை’ முன்வைத்தார். 1968-இல் ஜோயல் ஹில்டிபிராண்ட், அப்படியொரு பிணைப்பே இல்லை என்று மறுத்து எழுதினார். மறுபடியும் 1979-இல், தொண்ணூற்றேழு வயதில், இப்படியொரு விளைவு உண்டா என்றே கேட்டார்! சார்ல்ஸ் டான்ஃபோர்டு அதே ஆண்டில் விடையளித்தார்: எண்ணெய்க்கும் நீருக்கும் இடையே ஈர்ப்பு உண்டு, மறுப்பதற்கில்லை, நீரின் தற்பிணைப்பு அதைவிட வலியது, விளைவு அங்கிருந்து பிறக்கிறது. மேலே நான் போட்ட கணக்கு அந்த வாதத்தின் சாரம். நாம் சொல்லை மட்டும் மொழிபெயர்த்துக்கொண்டோம், சண்டையை மொழிபெயர்க்கவில்லை.

விளைவு என்ன? போட்டித் தேர்வுக் கையேடு எதையேனும் திறந்து பாருங்கள். சகப்பிணைப்பு, அயனிப்பிணைப்பு, ஹைட்ரஜன் பிணைப்பு, வான்டெர்வால்ஸ் விசை என்ற வரிசையின் ஈற்றில் ‘நீர்வெறுப்புப் பிணைப்பு’ ஐந்தாவது கயிறாகக் கட்டப்பட்டிருக்கும். கயிறு என்று படித்த மாணவரிடம், சில புரதங்கள் குளிர்வித்தால் ஏன் மடிப்பு அவிழ்கின்றன என்று கேளுங்கள். விழிப்பார். சூடு அவிழ்க்கும், குளிர் இறுக்கும் என்பதே கயிற்றின் தர்க்கம். நீரின் என்ட்ரோபியை அறிந்தவருக்கோ இதில் புதிர் இல்லை. வெப்பநிலை குறையக் குறைய எண்ணெய்ப் பகுதிகளை ஒதுக்கவேண்டிய நெருக்கடி நீருக்குத் தளர்கிறது, சங்கிலி அவிழ்கிறது.

என்சிஇஆர்டியின் பதினொன்றாம் வகுப்பு உயிரியல் நூலில் உயிர்மூலக்கூறுகள் என்றொரு பாடம் உண்டு. செல்லின் சராசரி உட்கூறு அட்டவணையில் நீருக்கு 70 முதல் 90 சதவீதம், புரதத்துக்கு 10 முதல் 15. அந்த 70–90-க்குக் கிடைத்தது ஒரு வரி. பிறகு நீர் பெரும்பாலும் பிணைப்பு உருவாகும்போது வெளியேற்றப்படும் துணை மூலக்கூறாகத் தலைகாட்டிவிட்டுப் போகிறது. மேடை, திரை, விளக்கு எல்லாமாக இருப்பதைக் கூட்டத்தில் ஒருவராக்கிவிட்டார்கள்.

நம்மவர் பெருமைக்கும் இதே கதிதான். ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-இல் சென்னையிலிருந்து வெளியிட்ட வரைபடம் நம் துறைச் சுவர்கள் எல்லாவற்றிலும் தொங்குகிறது. தொங்கட்டும், தகுதியானதே. ஆனால் அந்தக் கணக்கில் நீர் இல்லை. அணுக்கள் ஒன்றையொன்று முட்டாமல் சங்கிலி எங்கெங்கே திரும்பலாம் என்பதை அது சொல்கிறது. திரும்ப இயன்றவற்றுள் ஏன் இங்கே திரும்பியது என்பதைச் சொல்வது அதன் வேலையன்று. இதை ராமச்சந்திரன் அறியாதவரா? 1968-இல் அவரும் ஆர். சந்திரசேகரனும் கொலாஜன் முச்சுருளின் இழைகளைப் பிணைந்த நீர் மூலக்கூறுகள் வழியான ஹைட்ரஜன் பிணைப்புகள் இணைக்கின்றன என்று எழுதினார்கள். நீரைக் கட்டமைப்பின் உறுப்பாகவே எண்ணியவர் அவர். நாம் அவருடைய படத்தை மாட்டினோம், நீரைக் கழற்றிவிட்டோம். (ரோசலிண்ட் ஃபிராங்க்ளினையும் ஒரு புகைப்படத்தோடு முடித்துவிடுகிறோம். காற்றின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தி, டிஎன்ஏ இழை 75 சதவீதத்தில் ஏ வடிவிலும் 92-இல் பி வடிவிலும் இருப்பதைப் பிரித்தறிந்த பொறுமை எந்த வினாத்தாளிலும் வருவதில்லை.)

இதெல்லாம் வகுப்பறைச் சச்சரவு, இதனால் யாருக்கு என்ன நட்டம் என்பவர்களுக்காக ஹைதராபாத்துக்கு வருகிறேன். கண்புரையின் வேதியியலில் நெடுங்காலம் உழைத்த ஊர் இது. சிசிஎம்பியும் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையும், 1958-இல் குன்னூரிலிருந்து இங்கே பெயர்ந்த, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப்படும் ஆய்வகமும் அதில் பங்கு உடையவை. கண் லென்ஸின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் புரதம். மிச்சம் பெரும்பாலும் நீர். அதன் உள்ளடுக்குச் செல்கள் உட்கருவை இழந்தவை. அங்குள்ள கிரிஸ்டலின் புரதங்கள் வாழ்நாள் முழுவதும் புதுப்பிக்கப்படுவதில்லை. அறுபது, எழுபது ஆண்டுகள் அவை நீரில் திரளாமல் தாக்குப்பிடிக்கவேண்டும். திரண்டால் ஒளி சிதறும், பார்வை மங்கும். அவற்றுள் ஆல்ஃபா கிரிஸ்டலின், சிதையத் தொடங்கிய பிற புரதங்களின் வெளிப்பட்ட முனைவற்ற பரப்புகளைப் பற்றிக்கொண்டு திரளாமல் காக்கிறது. சிசிஎம்பியின் பி. ராமனும் சி. மோகன் ராவும் 1994-இல் காட்டியது இதுதான்: ஏறத்தாழ 30 டிகிரிக்கு மேல் அந்தக் காக்கும் திறன் வெகுவாகக் கூடுகிறது, ஆல்ஃபா கிரிஸ்டலினின் கட்டமைப்பு மாறி அதன் முனைவற்ற பரப்புகள் கூடுதலாக வெளிப்படுகின்றன. ‘வெறுப்பு’ என்று படித்தவர் இதை எப்படிப் புரிந்துகொள்வார்? நீரை வெறுக்கும் பகுதியை நீருக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் புரதம் கேடு என்றல்லவா அவர் நினைப்பார்?

இன்னும் கூர்மையான சான்று ஒன்று. இந்தியக் குடும்பங்களில் பரம்பரைக் கண்புரையை ஆராய்ந்து 2002-இல் வெளியான கட்டுரை, காமா-டி கிரிஸ்டலினில் 23-ஆம் இடத்துப் புரோலின் திரியோனினாக மாறியிருப்பதைக் கண்டது. பாடநூல் பட்டியலில் புரோலின் முனைவற்றது, திரியோனின் முனைவுள்ளது. ‘நீரை வெறுப்பது’ போய் ‘நீரை விரும்புவது’ வந்திருக்கிறது. பட்டியலை ஒப்பித்தவர் கரைதிறன் கூடும் என்று விடையெழுதுவார். நடந்தது நேர்மாறு. 2005-இல் அந்தப் புரதத்தை அளந்தபோது, மடிப்பு ஏறத்தாழ இயல்பாகவே இருக்கக் கரைதிறன் மட்டும் கடுமையாக வீழ்ந்திருந்தது. அதிலும் வெப்பநிலை உயர உயரக் கரைதிறன் குறைந்தது. குளிர்வித்தால் திரள் கரைந்தது. உப்பையும் சர்க்கரையையும் போல் அல்லாத இந்தத் தலைகீழ் நடத்தை, நீரின் என்ட்ரோபி ஆட்சி செய்யும் இடத்தின் அடையாளம். தனி அமினோ அமிலத்தின் விருப்பு வெறுப்பில் விடை இல்லை. மடிந்த புரதத்தின் பரப்பு முழுவதையும் நீர் எப்படி எதிர்கொள்கிறது என்பதில் இருக்கிறது. ஒரு குழந்தையின் கண் அந்த வேறுபாட்டில் மங்குகிறது.

நீரைப் பற்றி நாம் சொல்லிக்கொடுக்காத வெற்றிடத்தை வணிகர் நிரப்புகிறார். இந்நகரின் அடுக்ககங்களில் ‘கட்டமைக்கப்பட்ட நீர்’, ‘கார நீர்’ கருவிகளை வாங்குவோரில் பேராசிரியர்களும் உண்டு. நீரின் ஹைட்ரஜன் பிணைப்பு வலை பிக்கோநொடிகளில் கலைந்து மறுபடி அமைவது. குழாயில் பெற்ற ‘கட்டமைப்பை’ அது தொண்டை வரைகூடக் கொண்டுவராது. கார நீரின் கதை வயிற்று அமிலத்தில் முடிந்துவிடும். இவ்வளவையும் முதலாண்டு வகுப்பில் சொல்லியிருக்கலாம்.

மாற்றுச்சொல் கேட்பீர்கள். ‘நீர்விலக்கு’ என்பதில் மறுபடியும் எண்ணெயே எழுவாய் ஆகிவிடுகிறது. ‘நீரொதுக்கம்’ என்கிறேன் நான்: நீர் ஒதுக்குவது, நீரால் ஒதுக்கப்படுவது. நீரை ஒதுக்குவது என்றும் அதைப் பிரிக்கலாம் என்ற ஆட்சேபம் வரும். ‘நீரால் ஒதுங்கும் பகுதி’ என்று விரித்தெழுதினால் அந்த ஐயமும் தீரும், சற்று நீளும், அவ்வளவே. ‘பிணைப்பு’ என்ற பின்னொட்டை எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். பாடத்திட்டக் குழுக்களில் இடம்பெற்றிருக்கும் ஆசிரியர்களிடம் கேட்பது இரண்டு. இருபது அமினோ அமிலங்களை ஒப்பிக்கச் சொல்வதற்கு முன் 73, 18, 51 என்ற கணக்கை மாணவரைக் கொண்டே போடச்செய்யுங்கள். புரத மடிப்பு வினாவில் நீரின் என்ட்ரோபியைக் குறிப்பிடாத விடைக்கு முழு மதிப்பெண் தராதீர்கள். இதைவிடப் பொருத்தமான சொல் கைவசம் உள்ளவர்கள் மறுமொழியில் எழுதுங்கள், விவாதிப்போம். ‘நீர்வெறுப்பு பழகிவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும்’ என்பதை மட்டும் யாரும் எழுதவேண்டாம்.